இணையவழிக் கல்வி: திரை வந்தது, கற்பித்தல் வந்ததா?

புது தில்லி: குளிர்காலப் புகைமூட்டம் தலைநகரைச் சூழும்போதெல்லாம் பள்ளிகள் மூடப்படுவதும், வகுப்புகள் இணையவழிக்கு மாறுவதும் தில்லியில் வழக்கமாகிவிட்டது. 2024-ம் ஆண்டு நவம்பரில் காற்றின் தரம் மிக மோசமான நிலையை எட்டியபோதும் நேரடி வகுப்புகள் நிறுத்தப்பட்டன. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 25-ம் தேதி, உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறை உண்மையைச் சுட்டிக்காட்டியது. ஏராளமான மாணவர்களுக்கு மதிய உணவு கிடைக்கவில்லை. பலருக்கு இணையவழியில் படிக்கும் வசதியே இல்லை என்று நீதிபதிகள் குறிப்பிட்டனர். அதன் பிறகு, நேரடியாகவும் இணையவழியாகவும் வகுப்புகளை நடத்தும் கலப்பு முறைக்குக் காற்றுத் தர மேலாண்மை ஆணையம் அனுமதி அளித்தது.

வசதி இல்லாத மாணவரின் நிலை இவ்வாறு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை பேசப்பட்டது. ஆனால், வசதி உள்ள மாணவர் கைப்பேசித் திரையின் முன் அமர்ந்து எதைக் கற்றார் என்ற கேள்வி எழவில்லை. இது நீதிமன்றத்துக்கு உரிய கேள்வி அல்ல என்று கூறலாம். ஆனால், அதற்கு உரியவர்களான கல்வித் துறையினரும் கடந்த அரை நூற்றாண்டாக அக் கேள்வியை அரிதாகவே எழுப்பியுள்ளனர்.

அரை நூற்றாண்டுப் பயணம்: தொலைவிலிருந்து கற்பிக்கும் முயற்சி இந்தியாவுக்குப் புதியதல்ல. 1975-ம் ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைப் பயன்படுத்தி, 6 மாநிலங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி கொண்டு செல்லப்பட்டது. ஓராண்டு நடைபெற்ற அந்தச் சோதனை உலக அளவில் கவனம் பெற்றது. 1984-ல் பல்கலைக்கழக மானியக் குழு, தூர்தர்ஷன் மூலம் கல்லூரி மாணவர்களுக்கான பாட ஒளிபரப்பைத் தொடங்கியது. 2000-ம் ஆண்டு ஜனவரியில் ஞான் தர்ஷன் கல்வி அலைவரிசை வந்தது.

2004 செப்டம்பர் 20-ம் தேதி, கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் செலுத்தப்பட்டது. ஆசிரியர் பற்றாக்குறையை விண்ணிலிருந்தே தீர்த்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பு அப்போது நிலவியது. செயற்கைக்கோள் ஆறு ஆண்டுகள் செயல்பட்டது. ஆனால் தரையில் நிலைமை வேறாக இருந்தது. இணைப்புகள் அடிக்கடி செயலிழந்ததையும், போதிய பாட நிகழ்ச்சிகள் தயாரிக்கப்படாததையும் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை பின்னர் சுட்டிக்காட்டியது. கருவி தயாரானது, கற்பிக்க வேண்டியது தயாராகவில்லை.

2017-ல் ஸ்வயம் இணையதளமும், அதனுடன் ஸ்வயம் பிரபா என்ற பெயரில் 32 தொலைக்காட்சி அலைவரிசைகளும் தொடங்கப்பட்டன. கொரோனா காலத்தில், 2020 மே மாதம் பி.எம். இ-வித்யா திட்டம் அறிவிக்கப்பட்டது. வகுப்புக்கு ஒன்று வீதம் 12 அலைவரிசைகள் என்பது 2022 மத்திய பட்ஜெட்டில் 200 அலைவரிசைகளாக விரிவுபடுத்தப்பட்டது.

இத்தனை திட்டங்களுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. எத்தனை அலைவரிசை, எத்தனை பாடம், எத்தனை பேர் பதிவு செய்தனர் என்பவையே வெற்றியின் அளவுகோலாகக் காட்டப்பட்டன. பார்த்தவர் கற்றாரா என்பதை அளக்கும் ஏற்பாடு எப்போதும் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

கொரோனா தந்த பாடம்: பள்ளிகள் மூடப்பட்டபோது இந்தக் குறை முழுமையாக வெளிப்பட்டது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டில் 23.8 சதவீத குடும்பங்களிடமே இணைய வசதி இருந்தது. கிராமங்களில் இது 14.9 சதவீதம் மட்டுமே. கணினி வைத்திருந்த கிராமக் குடும்பங்கள் 4.4 சதவீதம். இந்த அடித்தளத்தின் மீதுதான் 2020-ல் நாட்டின் பள்ளிக் கல்வி முழுவதும் ஏற்றிவைக்கப்பட்டது.

வசதியின்மை ஒரு பாதி உண்மைதான். மறுபாதி, 2021 ஆகஸ்டில் பொருளாதார நிபுணர் ஜான் டிரேஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்கள் மற்றும் யூனியன் பிரதேசங்களில் ஏறத்தாழ 1,400 ஏழைக் குடும்பங்களிடையே நடத்திய ஆய்வில் தெரியவந்தது. கிராமங்களில் 8 சதவீத குழந்தைகளே இணையவழியில் ஒழுங்காகப் படித்து வந்தனர். வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்த குடும்பங்களை மட்டும் தனியே எடுத்துக்கொண்டாலும், கிராமங்களில் 15 சதவீத குழந்தைகளும், நகரங்களில் 31 சதவீத குழந்தைகளுமே ஒழுங்காகப் படித்தனர். கருவி வீட்டுக்கு வந்த பிறகும் கல்வி வந்து சேரவில்லை என்பதை இது உணர்த்தியது.

இதன் விளைவை அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் 5 மாநிலங்களின் அரசுப் பள்ளிகளில் அளந்து பார்த்தது. சோதிக்கப்பட்ட 16,067 குழந்தைகளில் 92 சதவீதத்தினர், முந்தைய ஆண்டில் பெற்றிருந்த மொழித் திறன்களில் ஒன்றையேனும் இழந்திருந்தனர். கணிதத்தில் இவ்வாறு இழந்தோர் 82 சதவீதம். புதிய பாடம் கற்காதது மட்டுமல்ல, கற்றதும் மறந்துபோயிருந்தது.

அந்த நாள்களில் பெரும்பாலான பள்ளிகளில் நடந்தது, வகுப்பறை விரிவுரையை அப்படியே திரைக்கு மாற்றியதுதான். அல்லது, பாடப் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியது. நேரடி வகுப்பில் ஆசிரியர் மாணவரின் முகத்தைப் பார்க்கிறார். புருவம் சுருங்கினால் மீண்டும் விளக்குகிறார். நோட்டைப் புரட்டிப் பார்த்துத் தவறைத் திருத்துகிறார். கேமரா அணைக்கப்பட்ட 40 கட்டங்களைப் பார்த்துப் பேசும் ஆசிரியருக்கு இவற்றில் எதுவுமே சாத்தியமில்லை. விரிவுரை மட்டும் பயணித்தது. கற்பித்தலின் மற்ற பகுதிகள் வகுப்பறையிலேயே தங்கிவிட்டன.

மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட பிரக்யதா வழிகாட்டு நெறிமுறைகள் இதை அறியாதவை அல்ல. திட்டமிடுதல், வழிகாட்டுதல், மாணவருடன் உரையாடுதல், பயிற்சி தருதல், முன்னேற்றத்தைக் கண்காணித்தல், பாராட்டுதல் உள்ளிட்ட எட்டுப் படிகளை அவை வகுத்தன. ஆனால் பொதுவெளியில் அதிகம் பேசப்பட்டது, 8-ம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரு வகுப்புகளுக்கு மேல் கூடாது என்பது போன்ற நேரக் கட்டுப்பாடுகளே. எவ்வளவு நேரம் என்பது விவாதமானது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பது விவாதமாகவில்லை.

குஜராத் காட்டிய வேறுபாடு: கணினியால் எதையும் கற்பிக்க முடியாது என்ற முடிவுக்கு வருவதும் தவறு. அதற்கான சான்றுகள் இந்தியாவிலேயே கிடைத்துள்ளன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு, 2000-களின் தொடக்கத்தில் வதோதரா மாநகராட்சிப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தியது. 4-ம் வகுப்பு மாணவர்கள் வாரத்துக்கு 2 மணி நேரம், ஒரு கணினிக்கு இருவர் வீதம் அமர்ந்து, தங்கள் நிலைக்கேற்ற கணிதப் பயிற்சி விளையாட்டுகளில் ஈடுபட்டனர். கணித மதிப்பெண்கள் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தன. எனினும், பயிற்சி நின்று ஓராண்டு கழிந்ததும் அந்தப் பயனில் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

அதே குழுவில் இடம்பெற்ற லீ லிண்டன், குஜராத்தில் ஞான சாலா என்ற தன்னார்வ அமைப்பின் பள்ளிகளில் நடத்திய மற்றோர் ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரே கணிதப் பயிற்சித் திட்டம் இரு விதமாகச் செயல்படுத்தப்பட்டது. பள்ளி நேரத்தில் ஆசிரியரின் பாடத்துக்குப் பதிலாகக் கணினி வைக்கப்பட்டபோது, அம் மாணவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே கற்றனர். பள்ளி நேரத்துக்கு வெளியே, ஆசிரியரின் பாடத்துக்குத் துணையாக வைக்கப்பட்டபோது, மற்றவர்களைவிட அதிகம் கற்றனர். கணினி அதே கணினிதான். அதற்கு அளிக்கப்பட்ட இடம்தான் வேறு. நல்ல ஆசிரியரின் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டால் நட்டம். அந்த நேரத்துக்குத் துணை நின்றால் லாபம்.

தில்லி ஆய்வு: மூன்றாவது சான்று தலைநகரிலேயே உள்ளது. 2015-16 கல்வியாண்டில், தில்லி அரசு நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 619 பேரைக் கொண்டு கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் ஆகியோர் ஆய்வு நடத்தினர். குலுக்கல் முறையில் தேர்வானோருக்குப் பள்ளி முடிந்த பிறகு தினமும் ஒன்றரை மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. அதில் பாதி நேரம் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளுடன். மீதி நேரம் சிறு குழுவாக ஓர் ஆசிரியருடன்.

இந்த மென்பொருள் பாடத்திட்டத்தைப் பின்பற்றுவதில்லை, மாணவரைப் பின்பற்றுகிறது. முதலில் சோதித்து, அவர் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் கண்டறிகிறது. அங்கிருந்து கேள்வி கேட்கிறது. தவறான விடை வந்தால், அத் தவறு எந்தக் குழப்பத்திலிருந்து பிறந்தது என்பதற்கேற்ப அடுத்த விளக்கத்தைத் தருகிறது. நாலரை மாதங்களில், பயிற்சி பெற்றோரின் கணித முன்னேற்றம் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஹிந்தியில் இரு மடங்குக்கும் மேல்.

இந்த வெற்றியைவிட, ஆய்வின்போது தெரியவந்த பின்னணி அதிர்ச்சி அளிப்பதாகும். 6-ம் வகுப்பில் படிக்கும் மாணவர் சராசரியாகக் கணிதத்தில் இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார். வகுப்பு உயர உயர இடைவெளியும் அதிகரித்தது. கற்றல் நிலையில் கடைசி மூன்றில் ஒரு பங்கினராக இருந்த மாணவர்கள், வழக்கமான வகுப்புகளால் மட்டும் அந்தக் காலகட்டத்தில் எந்த முன்னேற்றமும் அடையவில்லை. நாள்தோறும் பள்ளிக்கு வந்தும், தமக்குப் புரியாத பாடத்தின் முன் அமர்ந்திருந்தனர். அத்தகைய மாணவருக்கு அதே பாடத்தைத் திரை வழியாக அனுப்புவதால் எந்தப் பயனும் விளையாது என்பதை விளக்கத் தேவையில்லை.

மற்றொரு நுட்பமும் இதில் உண்டு. பயிற்சி பெற்ற மாணவர்களின் உண்மையான கணிதத் திறன் உயர்ந்தபோதிலும், பள்ளித் தேர்வில் கணித மதிப்பெண் உயரவில்லை. 8-ம் வகுப்பு மாணவர் 4-ம் வகுப்புக் கணக்கிலிருந்து 6-ம் வகுப்புக் கணக்குக்கு முன்னேறினாலும், தேர்வுத் தாள் 8-ம் வகுப்புக் கணக்கையே கேட்கிறது. கற்பிக்கும் முறை மாறினால் மட்டும் போதாது. அளக்கும் முறையும் மாற வேண்டும்.

உயர் கல்வியில்: கல்லூரி நிலையில் இதே பாடம் வேறு வடிவில் கிடைத்தது. 7 ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், முதலில் விரிவுரை ஒளிப்பதிவுகளின் களஞ்சியமாகவே இருந்தது. சிறு நகரப் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கும் சிறந்த பேராசிரியர்களின் விரிவுரை கிடைத்தது பெரும் பேறுதான். ஆனால் களஞ்சியத்தில் புத்தகம் இருப்பது வேறு. படித்து முடிப்பது வேறு.

2014-ல் இந்தத் திட்டம் முறையை மாற்றியது. குறிப்பிட்ட நாளில் தொடங்கும் பாடம், வாரந்தோறும் பயிற்சி, அதற்குக் கெடு தேதி, இறுதியில் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வு ஆகியவை வந்தன. கல்லூரிகளில் உள்ளூர் மையங்கள் அமைக்கப்பட்டு, வழிகாட்டும் ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பும் இதே வழியில் அமைந்தது. நுழைவுத் தேர்வுக்குப் பதிலாக, நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் வெல்வோர் சேர்க்கப்படுகின்றனர். விரிவுரை இணையத்தில், தேர்வு நேரில்.

இந்தக் கட்டுப்பாடுகள் இல்லாத இடங்களில் நிலைமை என்ன என்பதற்கு உலகின் புகழ்பெற்ற கல்வி நிறுவனங்களே சான்று. ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் வழங்கிய இலவச இணையப் பாடங்களில், 2017-18-ல் சேர்ந்தோரில் ஏறத்தாழ 3 சதவீதத்தினரே படிப்பை முடித்ததாக 2019-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பாடத்தின் தரம் குறைவு என்று எவரும் கூற இயலாது. பயிற்சியும், கெடுவும், கேட்பதற்கு ஓர் ஆளும் இல்லாத பாடம், எவ்வளவு உயர்ந்ததாயினும் பாதியில் கைவிடப்படுகிறது.

ஸ்வயம் திட்டத்திலும் காணொளி, படிப்புக் குறிப்புகள், விவாத மன்றம், மதிப்பீடு என நான்கு கூறுகள் ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டாயம். ஒரு பருவத்தில் 40 சதவீதம் வரையிலான பாடங்களை மாணவர்கள் இவ்வாறு படிக்க 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது. இந்நிலையில், காணொளியைத் தவிர்த்த மற்ற மூன்று கூறுகளும் உயிருடன் உள்ளனவா என்பதே அப் பட்டங்களின் மதிப்பைத் தீர்மானிக்கும்.

திரையே இல்லாமல்: இணையவழிக் கல்வி பற்றிய விவாதத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு சான்று, சாதாரண தொலைபேசியிலிருந்து கிடைத்தது. கொரோனா காலத்தில் முதலில் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவிலும், பின்னர் இந்தியா, நேபாளம், பிலிப்பின்ஸ், கென்யா, உகாண்டா ஆகிய 5 நாடுகளிலும் ஓர் எளிய முறை சோதிக்கப்பட்டது. ஆசிரியர் வாரம் ஒருமுறை சுமார் 20 நிமிடம் குழந்தையைத் தொலைபேசியில் அழைத்து, அக் குழந்தையின் நிலைக்கேற்ற கணக்குகளைச் சொல்லித்தந்தார். கணிதத் திறன் தெளிவாக உயர்ந்தது. ஸ்மார்ட்போன் இல்லை, இணையம் இல்லை, காணொளி இல்லை. ஒரு குழந்தைக்கு ஓர் ஆசிரியர், அதன் நிலையறிந்து கேள்வி கேட்டார் என்பது மட்டுமே இருந்தது.

பள்ளிகள் திறந்த பிறகு இழப்பு எவ்வாறு ஈடுசெய்யப்பட்டது என்பதும் இதையே வலியுறுத்துகிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 கிராமப்புறக் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரு பங்கு ஈடானது தெரியவந்தது. இதில் ஏறத்தாழ கால் பங்கு, தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் குழந்தைகளுக்குக் கற்பித்த "இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் கிடைத்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டனர்.

சந்தையின் அளவுகோல்: இதே காலத்தில் தனியார் கற்றல் செயலிகளில் பெரும் முதலீடு குவிந்தது. 2022-ல் 2,200 கோடி டாலராக மதிப்பிடப்பட்ட பைஜூஸ் நிறுவனத்தின் மீது, 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இச் சரிவுக்குக் காரணங்கள் பல. ஆனால், பதிவிறக்கங்களும் விற்பனையும் உயர்ந்துகொண்டிருந்தவரை, குழந்தைகள் எவ்வளவு கற்றனர் என்று முதலீட்டாளர்களும் கேட்கவில்லை. பெற்றோரும் கேட்கும் நிலையில் இல்லை. அரசுத் திட்டங்களின் அளவுகோலும் சந்தையின் அளவுகோலும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகவே இருந்தன.

அடுத்து என்ன?: வசதி வேகமாகப் பெருகி வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, இணைய இணைப்புள்ள பள்ளிகள் 2023-24-ல் 53.9 சதவீதமாக இருந்து, 2024-25-ல் 63.5 சதவீதமாக உயர்ந்தன. கிராமப்புற அரசு உயர்நிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் அகண்ட அலைவரிசை இணைப்பு வழங்கப்படும் என 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. "அசர்' அமைப்பின் 2024 ஆய்வில், கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயதுள்ளோரில் 89 சதவீதத்தினரின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால், அதற்கு முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியதாகக் கூறியோர் 57 சதவீதம். சமூக வலைதளங்களுக்குப் பயன்படுத்தியதாகக் கூறியோர் 76 சதவீதம்.

எனவே, "வசதி இல்லை' என்ற பதில் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழந்து வருகிறது. இனி எஞ்சியிருப்பது முறை பற்றிய கேள்வி மட்டுமே. செயற்கை நுண்ணறிவு ஆசிரியர்கள் பற்றிப் பேசப்படும் இன்றைய சூழலிலும் அக் கேள்வி மாறவில்லை. மாணவரின் நிலையைக் கண்டறிகிறதா, அவரை விடையளிக்கவைக்கிறதா, தவறைத் திருத்துகிறதா, அருகில் ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லாத எந்தக் கருவியும், பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் புதிய வடிவமாகவே இருக்கும்.

இதற்குத் தேவை பெரும் நிதி அல்ல, முன்னுரிமையில் மாற்றம். புதிய அலைவரிசைக்கும் செயலிக்கும் நிதி ஒதுக்கும்போதே, ஓராண்டு கழித்து மாணவர்களின் கற்றலைச் சுதந்திரமான அமைப்பு மூலம் அளப்பதற்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு மென்பொருளை இயக்கும் பயிற்சி மட்டுமின்றி, முகம் தெரியாத மாணவரிடம் கேள்வி கேட்டுப் பதில் பெறும் பயிற்சியும் அளிக்க வேண்டும். தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்குத் திரை ஒருபோதும் ஆசிரியருக்கு மாற்றாகாது என்பதை விதியாகவே ஏற்க வேண்டும்.

அடுத்த குளிர்காலத்திலும் தில்லியில் புகைமூட்டம் சூழலாம், பள்ளிகள் மூடப்படலாம். நாட்டின் வேறு பகுதிகளில் வெள்ளமோ, வெப்ப அலையோ அதே நிலையை உருவாக்கலாம். அப்போது "வகுப்புகள் இணையவழியில் நடைபெறும்' என்ற ஒரு வரி அறிவிப்பு போதாது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் வகுப்பறையில் மௌனமாக இருந்தபோதாவது ஆசிரியரின் கண்ணில் பட்டார். திரையில் அவர் வெறும் பெயராகிவிடுகிறார். அந்தப் பெயரை அழைத்து ஒரு கேள்வி கேட்கும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே, இணையவழியில் நடப்பதைக் கல்வி என்று கூற முடியும்.